களைப்பு நோயோடு தூக்கத்துக்குச் சப்ளிமெண்ட் சோதித்துப் பார்ப்பவர்கள் யாராவது? (வேலூர்ப் பக்கம்)

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி)

எல்லாருக்கும் வணக்கம். 2021 இரண்டாம் அலையில் கொரோனா வந்தது. காய்ச்சல் விட்டுப் போனது, களைப்பு விடவில்லை. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்து எதிலும் குறை இல்லை என்ற பிறகு, டாக்டர் எம்.ஈ./சி.எஃப்.எஸ். என்று எழுதினார். நான் களைப்பு நோய் என்பது இதைத்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவுகோலின்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, சிறு வேலைக்கே பின்னால் வரும் சரிவு, தூங்கி எழுந்தாலும் தெளியாத தூக்கம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதோடு மூளை மந்தமோ, எழுந்து நின்றால் வரும் தலைசுற்றலோ ஒன்று சேர வேண்டும். எனக்கு எல்லாமே உண்டு.

இப்போது பிரச்சினை தூக்கம். ஒன்பது மணிக்கெல்லாம் உடம்பு விழுந்துவிடும், கண்ணை மூடினால் மூளை விழித்துக்கொள்ளும். இரண்டு மணி வரை காட்பாடி பக்கம் போகிற ரயில் சத்தம் ஒவ்வொன்றும் காதில் விழும். ஒருவழியாக எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்போது தூங்கவே இல்லாத உடம்புதான்.

மேசையில் மூன்று டப்பா இருக்கிறது. அண்ணன் மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெலடோனின் 10 மில்லிகிராம் (மிட்டாய் போல மெல்லுவது), இங்கே மெடிக்கலில் வாங்கிய மெக்னீசியம் கிளைசினேட், நாத்தனார் கொடுத்த அஸ்வகந்தா மாத்திரை. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. எந்த வரிசையில், எவ்வளவு நாள் பார்க்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "காலையில் வாக்கிங் போங்க, எல்லாம் சரியாகிவிடும்" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டு நடந்து, படுக்கையில் விழுந்தாயிற்று.

ஆற்காட்டான்

மேடம், அந்த அமெரிக்க மிட்டாயைத் தூரப் போடுங்கள். அமுக்கரா (அஸ்வகந்தாவுக்குத் தமிழ்ப் பெயர்) சூரணம் இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? இரவு பாலில் அரை டீஸ்பூன். எங்கள் அப்பா இருந்தவரை அதுதான்.

சந்தேகப்பேர்வழி

ஆரம்பித்துவிட்டார்கள்.

நைட் டூட்டி

அக்கா, நான் நர்ஸ். பதினோரு வருஷமாக மாறி மாறி இரவுப் பணி, அதனால் மெலடோனின் எனக்குப் பழக்கமான சங்கதி.

முதலில் அந்த 10 மில்லிகிராம். மெலடோனின் தூக்க மாத்திரை இல்லை. இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன், அவ்வளவுதான். ஆளை அடித்துப் போடாது. உடம்பே அதைச் சுரக்கத் தொடங்குவது வழக்கமான தூக்க நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால். அதனால் எத்தனை மில்லிகிராம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். இரண்டு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது என்றால் உங்கள் கடிகாரம் பின்னால் ஓடுகிறது. அதை முன்னுக்கு இழுக்க 0.5 மில்லிகிராம் போதும், ஆனால் அதைச் சாயங்காலமே போட வேண்டும். 10 மில்லிகிராமைப் படுக்கும்போது போட்டால் காலையில் தலை பாரம்தான் மிச்சம். போட்ட பிறகு முகத்துக்கு நேரே போனை வைத்துக்கொண்டிருந்தால் போட்டதே வீண்.

இரண்டாவது, டப்பாவில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். 2017-இல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. சிலவற்றில் செரடோனின் என்ற இன்னொரு ரசாயனம் வேறு கலந்திருந்தது. மெல்லுகிற வகையில்தான் அளவு அதிகம் தப்பியது. மாத்திரையாகவே வாங்குங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ஃபுளூவோக்சமின் என்ற மனநல மாத்திரை எடுப்பவர்கள் மெலடோனின் பக்கமே போகக் கூடாது, அது ரத்தத்தில் மெலடோனினைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

லண்டன் வாலாஜாக்காரன்

இங்கே மெலடோனினுக்கு மருந்துச்சீட்டு வேண்டும். அமெரிக்காவில் மளிகைக் கடையில் கிடைக்கிறது. ஊருக்கு வந்தபோது நம்மூர் மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே பொருள், மூன்று சட்டம்.

குடியாத்தம் மருந்துக்கடை

சார் சொன்னது என்னைக் குத்துகிறது, பரவாயில்லை.

மேடம், மெக்னீசியம் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் "மெக்னீசியம் கிளைசினேட் 1000 மில்லிகிராம்" என்று இருக்கும். அது முழு உப்பின் எடை. அதில் நிஜமான மெக்னீசியம் சுமார் 14 சதவீதம்தான், அதாவது 140 மில்லிகிராம் சொச்சம். பொடி எழுத்தில் "எலமெண்டல்" என்று ஒரு எண் இருக்கும், உங்கள் கணக்கு அதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத டப்பாவை நான் என் கடையில் வைப்பதில்லை. சப்ளிமெண்ட் வழியாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராம் எலமெண்டலுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் கணக்கு. விலை மலிவு என்று ஆக்சைடு வாங்கினால் உடம்பில் சேருவது குறைவு, வயிற்றுப்போக்கும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று. "தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்க" என்று கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரை. அது 2014-இலிருந்து எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. களைப்பு நோயாளிக்கு அது இன்னும் மந்தம்தான் கொடுக்கும்.

ஆற்காட்டான்

என் பதிவைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு: அமுக்கரா சூரணம் ஏதோ பாட்டி கைவைத்தியம் இல்லை. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கராக் கிழங்கு அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரண்டு மடங்கு. கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

சந்தேகப்பேர்வழி

கூட்டிப் பாருங்கள் சார். மொத்தம் 255 பங்கு, அதில் 128 சர்க்கரை. பாதிக்கு மேல் இனிப்பு. சர்க்கரைக்காரருக்கும் இதைத்தான் அரை டீஸ்பூன் பாலில் போடச் சொல்வீர்களா?

ஆற்காட்டான்

அவர்களுக்கு வெறும் கிழங்குப் பொடி. சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால்கூட விசாரிக்கலாம். அங்காடியில் அள்ளிக்கொண்டு வரச் சொல்லவில்லையே.

நைட் டூட்டி

ஆற்காட்டு அண்ணா கோபப்படாதீங்க. அஸ்வகந்தாவை நான் ஒதுக்கவில்லை. சின்னச் சின்ன ஆய்வுகளில் தூக்கத்துக்குக் கொஞ்சம் பலன் காட்டியிருக்கிறது. ஆனால் மூன்று எச்சரிக்கை. தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடலாம். அரிதாகக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தவர்கள் பற்றிய பதிவுகள் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு பேச்சு. எடுப்பதென்றால் முன்னால் ஒரு முறை, இடையில் ஒரு முறை கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொள்வது நல்லது. அதோடு அது ஒரே நாளில் வேலை காட்டாது, வாரக்கணக்கு. அதனால் அக்கா, உங்கள் வரிசையில் அது கடைசி.

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் மெக்னீசியம், பிறகு மெலடோனின், அஸ்வகந்தாவைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்: படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், காலைத் தெளிவுக்கு பத்துக்கு எவ்வளவு, அன்று என்ன மாத்திரை. போதுமா?

காங்கேயநல்லூர்க் கணக்கு

போதாது மேடம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவன்தான், இதற்காகவே எழுதுகிறேன். எனக்கும் இதே நோய்தான், உங்களுக்கு முந்தையது. சிக்குன்குனியாவுக்குப் பின் வந்தது.

உங்கள் நோட்டில் மிக முக்கியமான ஒரு பத்தி இல்லை: முந்தைய இரண்டு நாளில் என்ன வேலை செய்தீர்கள்? நம் நோயில் செய்த வேலைக்கு உடம்பு அன்றே கணக்குத் தீர்க்காது. மறுநாளோ, அதற்கடுத்த நாளோதான் விழும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருவீர்கள். அன்று ஒன்றும் ஆகாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு, தூக்கம் அறவே இல்லை. திங்கட்கிழமைதான் மெக்னீசியம் தொடங்கியிருந்தால்? "மெக்னீசியம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போடுவீர்கள். எதிர்ப்பக்கமும் இதே கதை. பெரிய சரிவுக்குப் பின் ஒரு வாரம் படுத்தே கிடந்து, உடம்பு தானாக ஏறும் நேரத்தில் ஒரு மாத்திரையைத் தொடங்கினால் புண்ணியம் முழுக்க மாத்திரைக்குப் போய்விடும். இணையத்தில் "இந்த மாத்திரை என் வாழ்க்கையையே மாற்றியது" என்கிற பதிவுகளைப் பார்த்தாலே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது.

நான் எழுதும் முறை இது. சமையல், துணி, படி ஏறியது, வெளியே போனது, விருந்தாளி, போனில் நீண்ட பேச்சு (ஆமாம், அதுவும் உழைப்புதான், என் அத்தை பேசினால் நிச்சயம் உழைப்பு). ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று எடை. கூட்டித்தொகை எகிறிய நாளுக்குப் பின் இரண்டு ராத்திரிகளைச் சோதனைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், அக்னி நட்சத்திரத்தில் எதையும் புதிதாகச் சோதிக்காதீர்கள். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். மே மாசம் வேலூரில் பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும், சுற்றி இருக்கும் பாறை மலைகளும் சேர்ந்துகொள்ளும். மாடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மாதத்தில் எந்த மாத்திரையும் தோற்கும். ஆடியில் மழை தொட்டதும் எந்த மாத்திரையும் ஜெயிக்கும். எனக்கு மே மாதத்தில் உதவியது ஒன்றுதான்: படுக்க ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். பச்சைத் தண்ணீர் தோலைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வெதுவெதுப்பு ரத்தக்குழாயை விரித்துச் சூட்டை வெளியே விடும். நிற்க முடியாத நாளில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து.

சந்தேகப்பேர்வழி

இந்த இழையில் முதல் முறையாக உருப்படியான பேச்சு. மேடம், இன்னும் ஒரு படி போகலாம். வீட்டில் யாரையாவது விட்டு உங்களுக்குத் தெரியாமல் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மெலடோனினுக்கு இது சரிப்படும், ஏனென்றால் அது சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். காலி கேப்சூலில் மாத்திரையைப் போட்டு ஒரு டப்பா, வெறும் அரிசி மாவு போட்டு இன்னொரு டப்பா. ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது. எது எந்த வாரம் என்று வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியட்டும். அஸ்வகந்தாவுக்கு இது ஆகாது, அதன் வேலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்.

பாலாற்றங்கரை

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதினைந்து வருஷமா உனக்குத் தெரியாம நான் ஏதாவது செஞ்சிருக்கேனா, இப்ப மட்டும் எப்படி முடியும்" என்கிறார். ஆனாலும் செய்கிறேன் என்று கேப்சூல் கூடு வாங்கி வந்துவிட்டார்.

ஆம்பூர் மாமா

நானும் ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன் தாயீ. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் ரொம்ப நாள் இதே களைப்பு. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். அஸ்வகந்தா, பாலில் ஜாதிக்காய், கசகசா, எதையும் விடவில்லை. என் சம்சாரம்தான் "குறட்டை நடுவுல மூச்சே நின்னுபோவுது, அப்புறம் திடீர்னு இழுக்கிறீங்க" என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். ராத்திரி ஒயரெல்லாம் ஒட்டிச் சோதனை செய்தார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு. இப்போது முகமூடி மெஷின் போட்டுத் தூங்குகிறேன். எனக்கு இருந்தது உங்கள் வியாதியே இல்லை. ஆனால் அந்த மூச்சடைப்பு எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. குறட்டை உள்ளவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

நைட் டூட்டி

மாமா சொன்னது ரொம்ப முக்கியம். ஜாதிக்காய் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். அளவு கூடினால் படபடப்பு, வாந்தி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது வரை போகும். தூக்கம் வரவில்லை என்று முழுக் காயை அரைத்துக் குடித்துவிட்டு கேஷுவால்ட்டிக்கு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. படுத்த பிறகு கால் குடைச்சல் உண்டா? ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல?

பாலாற்றங்கரை

உண்டே! பூச்சி ஊர்கிற உணர்வு. எழுந்து நடந்தால் போகும், படுத்தால் திரும்ப வரும். களைப்பின் பகுதி என்று நினைத்திருந்தேன். சில நாள் தும்மலுக்கு என்று அவில் போடுவேன், அன்று ரொம்ப அதிகம்.

நைட் டூட்டி

அவில் அதைக் கூட்டும். அந்த வகை அலர்ஜி மாத்திரை பலவும் அப்படித்தான். தூக்கத்துக்கு அவில் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய, அதனால் எல்லாரும் கவனியுங்கள். அதோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பு இருப்பு தரைதட்டி இருக்கலாம். சாதாரண லேப் அறிக்கையில் 15, 20 இருந்தாலே நார்மல் என்று அடித்துவிடுவார்கள். ஆனால் கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார். பயோட்டின் இருக்கும் முடி மாத்திரை ஏதாவது எடுத்தால் ரத்தம் கொடுக்கும் முன் நிறுத்துங்கள், தைராய்டு அறிக்கையைக் குழப்பிவிடும்.

காங்கேயநல்லூர்க் கணக்கு

வைட்டமின் டி பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். 60,000 யூனிட் என்பது வாரம் ஒன்று. களைப்பு என்று தினம் ஒன்று குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறிப் படுத்தவர் எங்கள் தெருவிலேயே ஒருவர்.

லண்டன் வாலாஜாக்காரன்

2021-இல் இங்கே மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு இந்த நோய்க்கான வழிகாட்டியை மாற்றியது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். வாக்கிங் போகச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

பாலாற்றங்கரை

சில வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் ஒரு கிரகப்பிரவேசம், அதற்குப் பின் ஒரு சரிவு, அந்த நாட்களை நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மெக்னீசியம்: கெண்டைக்கால் பிடிப்பு குறைந்தது. தூக்கம் வரும் நேரத்தில் மாற்றம் இல்லை. வயிறு ஒன்றும் செய்யவில்லை, வைத்துக்கொள்கிறேன்.

மெலடோனின்: 3 மில்லிகிராம் மாத்திரையைக் கால் பங்காக உடைத்து, சாயங்காலம் ஏழரைக்கு. பிறகு வீட்டுக்காரரின் இரண்டு டப்பா ஆட்டம். டப்பாவைத் திறந்து பார்த்தபோது மாத்திரை வாரங்களில் பன்னிரண்டரை வாக்கில் தூங்கியிருக்கிறேன், மாவு வாரங்களில் பழையபடி இரண்டு. அது நிஜம் என்றே நம்புகிறேன். ஆனால் காலைத் தெளிவு மதிப்பெண் இரண்டிலும் ஒன்றுதான், மூன்றோ நான்கோ. சீக்கிரம் தூங்கினேன், தெளிந்து எழவில்லை.

அதே நோட்டில் தெளிவு மதிப்பெண் ஏறிய நாட்களைத் தனியே பார்த்தேன். எல்லாமே முந்தைய இரண்டு நாளில் வேலைக் கூட்டல் குறைவாக இருந்தவை. காங்கேயநல்லூர் அண்ணா சொன்ன பத்தி இல்லாவிட்டால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஃபெரிட்டின் 19. ஹீமோகுளோபின் 12.6 என்பதால் யாரும் கேட்டதே இல்லை. டாக்டர் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். அவிலை விட்டதிலிருந்தே கால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஆற்காட்டான்

அமுக்கரா?

பாலாற்றங்கரை

டப்பா அலமாரியில் இருக்கிறது அண்ணா. இரும்பு முடியட்டும், கல்லீரல் பரிசோதனையோடு தொடங்குகிறேன். சர்க்கரை இல்லாத கிழங்குப் பொடிதான்.

சந்தேகப்பேர்வழி

2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனின் வேண்டாம் என்றுதான் எழுதியது. ஆனால் மேடத்துக்கு நேரம் தள்ளிப்போனதுதான் சிக்கல், அது வேறு வகை. அதனால் இந்த முறை வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆம்பூர் மாமா

என் சம்சாரம் தைராய்டு மாத்திரை போடுகிறாள். இதையெல்லாம் படித்துவிட்டு மெக்னீசியமும் இரும்பும் வேண்டும் என்கிறாள். எதை எப்போது போடுவது?

குடியாத்தம் மருந்துக்கடை

மாமா, முதலில் ஃபெரிட்டின் பார்த்துக் குறைவாக இருந்தால்தான் இரும்பு, சும்மா வேண்டாம். எழுதிக் கொடுத்தால் இப்படி: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பும் மெக்னீசியமும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. இரும்பு மதியம், எலுமிச்சைச் சாறோடு, காபி டீ இல்லாமல். மெக்னீசியம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. கால்சியம் மாத்திரை ஏதாவது ஓடுகிறதா, அதையும் சொல்லுங்கள், நேரம் மாற்றித் தருகிறேன்.